அஞ்சாம் நம்பரில் இருந்தது

உள்ளே வாங்க சார். செருப்பு காலிலேயே இருக்கட்டும், இந்தத் தரையைத் துடைத்து நாளாச்சு. சூலூரில் இருந்தா வர்றீங்க? பஸ்ஸிலா? இல்லை இல்லை, என் தூக்கத்தை நீங்க ஒன்றும் கெடுக்கவில்லை. மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வந்தேன், இப்போது பதினொன்று. இந்நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவன்தான். தூங்கினேன், ஒரு காலத்தில்.

இதுதான் கீபோர்டு. அறுபத்தொரு கட்டை. விளம்பரத்தில் போட்ட படத்தைவிட நேரில் பழசாகத் தெரியும், ஆனால் ஒரு கட்டைகூடச் சிக்காது, நீங்களே பார்க்கலாம். சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் வாங்கினேன். கட்டைமேல் ச ரி க ம ஸ்டிக்கர் நான் ஒட்டியது. உரித்தால் பசை நிற்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை சார். போனில் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. மில்லில் நான் பார்ப்பது நூலைச் சின்னச் சுற்றிலிருந்து பெரிய கோனுக்கு ஏற்றுகிற மிஷின். அங்கே போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள்ளே நின்றுகொண்டு மண்டைக்குள் மெட்டுப் போடுவேன். காலையில் வந்ததும் குளிக்காமல்கூட இதன் முன்னால் உட்கார்ந்து பதிந்துவிட்டுத்தான் படுப்பேன்.

பதிகிற வசதி இதில் இருக்கிறது. ஐந்து இடம். ஒன்று முதல் ஐந்து வரை பட்டன் பாருங்க. கரண்ட் போனாலும் அழியாது. ஆறாவதாக ஒன்று வேண்டுமென்றால் மட்டும் ஏதாவது ஒன்றின்மேல்தான் பதிய முடியும்.

யாருக்கு வாங்குறீங்க, பெண்ணுக்கா? ஏழாவதா? நல்லது. எனக்கும் பெண்தான். தாரணி. கோயமுத்தூரில் விஸ்காம் படித்தாள். இப்போது சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவாள். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." "சரிங்கப்பா." அவ்வளவுதான். தபால்காரர்கூட இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவார்.

ஏன் விற்கிறேன் என்றா கேட்கிறீங்க? இடத்தை அடைக்கிறது, அதான்.

அதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க. கேளுங்க. கேட்டுவிட்டு யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்க.

கடைசி செமஸ்டரில் அவர்கள் ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும். நாலு நிமிடம். பாட்டை எழுதியது தாரணி. பாடியது அவளோடு படிக்கிற ஒரு பெண். கேமரா, எடிட்டிங் எல்லாம் ஜெரால்டு என்று ஒரு பையன், மரியாதை தெரிந்தவன். பாட்டுக்குப் பேர் 'பகல் தூக்கம்'. என்னைப் பற்றித்தானே, வேறு யாரைப் பற்றி? இந்த வீட்டில் பகலில் தூங்குகிறவன் நான் ஒருத்தன். பாட்டில் ஒரு வரி வரும், 'மெல்ல வை கரண்டியை, மெல்ல மூடு கதவை' என்று. அப்பன் இருபத்திரண்டு வருசம் ராத்திரி கண் முழித்துப் படிக்க வைத்ததைப் பெண் பாட்டாக எழுதியிருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். கரண்டிக்குப் பதில் வேறு ஏதாவது நல்ல வார்த்தை போட்டிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இதோ இந்த மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் படம் மட்டும் ஓடுகிற இடம், இருபத்திரண்டு செகண்டு. அதற்குப் பின்னணி இசை தேடுகிறார்கள். நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறதாம் இந்த மாதிரி. ஜெரால்டு ஒவ்வொன்றாகப் போடுகிறான், இவள் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். நான் கட்டிலில் படுத்து, தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மழைச் சத்தத்தோடு ஒரு பியானோ. "ம்ஹூம். அழுகைய வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு."

ஒரு கிடார். "பைக் விளம்பரம்."

புல்லாங்குழல். "இது ஓட்டல் லிஃப்ட்ல போடறது ஜெரால்டு."

"அம்மிணி, பதினாறு போட்டுட்டேன். நீ மனசுல எதையோ வெச்சுட்டு என்னைய வேலை வாங்கறே."

அப்போதுதான் சொன்னாள். "ஆமா. ஓப்பனிங் மியூசிக் அப்பாவோட கீபோர்டுல இருக்கு. அதுதான் வரணும். நான் எப்பவோ முடிவு பண்ணீட்டேன்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன் சார். அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, புதன்கிழமை கீபோர்டைக் காலேஜுக்கு எடுத்துட்டுப் போலாமுங்களா?" என்றாள். "எடுத்துட்டுப் போ கண்ணு, உன்னுதுதானே" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நீங்களா இருந்தால் என்ன நினைப்பீங்க? கீபோர்டு யாருடையது? என்னுடையது. அதில் வாசிக்கிறவன் யார்? நான். அதில் பதிந்திருப்பது யாருடைய மெட்டு? ஐந்து என்று ஒரு வார்த்தை, 'அஞ்சாம் நம்பர்' என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பேனா?

ஒன்று முதல் நாலு வரை என்னுடையவை. முதலாவது மில்லின் வெள்ளிவிழாவுக்குப் போட்டது, அவர்கள் பயன்படுத்தவில்லை. இரண்டாவது சாந்தாமணிக்காக. சாந்தாமணி என் சம்சாரம். இரண்டு வருசமாச்சு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவளுக்காகப் போட்ட மெட்டை அவளிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குங்க, சோறு போடட்டுங்களா?" என்றாள். சங்கீதத்துக்கும் அவளுக்கும் அவ்வளவு தூரம். ஒரு தடவை இதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள், "கரண்டி பிடிக்கிற விரல் இதுல ஏறுமா, போ" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு கிட்டே வரவில்லை. தூசி தட்டுவதோடு சரி.

நாலும் நல்ல மெட்டுதான். ஆனால் என் பெண்ணின் பாட்டுக்கு முன்னால் வருவதற்குப் பழைய சரக்கையா கொடுப்பேன்? புதிதாகப் போட்டேன். மூன்று நாள். ஆரம்பம் என்பது லேசுப்பட்டது இல்லை சார். எங்கள் மிஷினில் நூல் அறுந்தால், முனை கிடைத்தால்தான் கோன் மறுபடி ஓடும். முனை கிடைக்காவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். பாட்டுக்கு ஆரம்பம் அந்த முனை. கேட்கிறவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். இதில் நூறு டோன் இருக்கிறது, நூறையும் போட்டுப் பார்த்தேன். அடியில் வயலின் கூட்டம், மேலே கோயில் மணி மாதிரி ஒன்று, பதினெட்டாவது செகண்டில் ஒரு நிறுத்தம், பிறகு இடி மாதிரி ஒரு முரசு. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், சரியாக இருபத்திரண்டு செகண்டு.

பதிவதற்கு இடம் வேண்டும். நாலும் என்னுடையவை, அழிக்க மனசு வராது. அஞ்சாம் நம்பரை அமுக்கிக் கேட்டேன். டொக். டொக். டொக். ஒற்றை விரல். தாரணி சின்னதில் விளையாட்டாக அமுக்கியது என்று முன்னாலேயே நினைத்து விட்டிருந்தேன். ஒரு ஆறேழு கட்டை போனது. பிறகு நின்றுவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று ரெக்கார்டை அமுக்கினேன்.

திங்கள், செவ்வாய், இரண்டு நாளும் அவளிடம் வாயே திறக்கவில்லை. தெரியாமல் போய்க் கேட்கட்டும், ஆச்சரியப்படட்டும் என்று. புதன்கிழமை காலையில் நான் வரும்போது கீபோர்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். சிரித்துக்கொண்டே படுத்தேன்.

பதினொன்றரைக்கு போன் அடித்தது.

பகலில் என்னைக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை சார். காலை எட்டிலிருந்து நாலு மணி வரைக்கும் இங்கே ஊசி விழுந்தால் கேட்கும். குக்கர் கிடையாது, விசில் அடிக்கும், வடித்த சோறுதான். மிக்ஸி நான் வேலைக்குப் போன பிறகு. தாரணிக்கு மூணு வயதில் மாமியார் வீட்டில் கொலுசு போட்டார்கள், ஒரே வாரத்தில் கழற்றச் சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. ஒருநாள் கை நீட்டியதில்லை, ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ராத்திரி பூராவும் நின்றுவிட்டு வருகிறவன் தூங்க வேண்டாமா? அவர்களும் பழகிக்கொண்டார்கள். சாந்தாமணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட மத்தியானம் சேர்த்துவிட்டு, நாலரைக்குத்தான் என்னை எழுப்பினாள் தாரணி. அப்படி வளர்ந்த பிள்ளை.

அதனால் பகலில் போன் அடித்ததும், கேட்டுவிட்டாள், பொறுக்க முடியாமல் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, அஞ்சுல என்ன பண்ணீங்க?"

"கேட்டியா கண்ணு? எப்படி இருக்கு?"

பதில் இல்லை.

"கடைசியில வர்ற முரசு கொஞ்சம் கூடத் தெரிஞ்சா குறைச்சுக்கலாம். ஜெரால்டுகிட்டச் சொல்லு."

பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள். நான் நினைத்தேன், அழுகிறாள் போல, சந்தோசத்தில். திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கினேன். அதுதான் நான் கடைசியாக நன்றாகத் தூங்கியது.

அவள் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. கூட்டாளி ரூமில் தங்கி எடிட்டிங் என்று ஒரு செய்தி மட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஜெரால்டு கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தான். டீ போட்டேன், குடிக்கவில்லை.

"அங்கிள், உங்களுக்குத் தெரியாதுன்னு தாரணி சொன்னா. அஞ்சுல இருந்தது ஆன்ட்டி வாசிச்சது."

"எந்த ஆன்ட்டி?"

"அவங்கம்மா."

சிரித்தேன் சார். "அவளுக்கு ச எது ப எதுன்னு தெரியாதப்பா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். நான் தூங்குகிற நேரத்தில், இதோ பின்னால் ஹெட்போன் குத்துகிற ஓட்டை இருக்கிறது பாருங்க, அதில் ஹெட்போனைக் குத்திவிட்டால் வெளியே சத்தம் வராது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிப்பாளாம். ஒரு வருசமா இரண்டு வருசமா இல்லை, எட்டு வருசம். ஸ்கூல் விட்டு இவள் வந்தால் ஒரு பக்கம் அம்மா காதில், ஒரு பக்கம் இவள் காதில். எனக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் கட்டில். வெறும் விரல் மட்டும் ஏறி இறங்குகிறது. நான் குறட்டை விடுகிறேன்.

"யாரு சொல்லிக்குடுத்தா அவளுக்கு?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லீங்க அங்கிள். நீங்க ஒட்டின ஸ்டிக்கரைப் பார்த்துத் தானா வாசிச்சாங்களாம்."

"அதுல தாளமே இல்லியேப்பா. ஆறேழு கட்டைதான். அப்புறம் நின்னுபோச்சு."

"நிக்கல அங்கிள். நீங்க புரண்டு படுத்தா அவங்க கையை எடுத்துருவாங்களாம். முழிச்சுட்டீங்களான்னு பார்த்துட்டு அப்புறம் வாசிப்பாங்க. அந்த இடைவெளி அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அதுதான் வேணும்னு தாரணி சொன்னா. மெட்டு அவளுக்கே தெரியும், வாசிச்சுக்கலாம்னு நான் சொன்னேன். அந்த நிறுத்தத்தை நான் எப்படி வாசிக்கறதுன்னு கேக்கறா."

அவன் போய்விட்டான். நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். லீவு போடவில்லை.

இதில் என் தப்பு என்ன? ரகசியமாக வாசித்தது யார் குற்றம்? புருசனிடம் சொன்னால் கடித்தா தின்றுவிடுவேன்? வருசக்கணக்கில் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்துவிட்டு, எதையும் கேட்காமல் அமுக்கிவிட்டேன் என்று என்மேல் பழி. வீடியோ போடுகிற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று அவள் வைத்திருந்தாளாம். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. நானும் அதைத்தானே நினைத்தேன்? நானும் அதைத்தான் சார் நினைத்தேன்.

சரி, அது போகட்டும். பழையது இல்லை என்று ஆகிவிட்டது. இருபத்திரண்டு செகண்டு காலியாக இருக்கிறது. கையில் என்னுடையது தயாராக இருக்கிறது, அதே இருபத்திரண்டு செகண்டு. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? அதைத்தானே போடுவார்கள்?

காலேஜ் ஆடிட்டோரியத்தில் திரையிட்டார்கள். பெற்றோருக்கெல்லாம் அழைப்பு. ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போனேன், தலையில் பஞ்சுகூடத் தட்டவில்லை. மூன்றாவது வரிசை. ஆறு குரூப், இவர்களுடையது நாலாவது. விளக்கை அணைத்தார்கள். திரையில் பேர் வந்தது. பிறகு ஒரு கை. கீபோர்டு. ஸ்டிக்கரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என்னுடையது. தாரணியின் விரல் ஒவ்வொரு கட்டையாக அமுக்குகிறது.

சத்தம் இல்லை.

ஒரு கட்டை, இரண்டு கட்டை. சத்தம் இல்லை. ஆறேழு கட்டைக்குப் பிறகு விரல் நின்றது, அந்தரத்தில். மறுபடி இறங்கியது. அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. என் மெட்டைத்தான் போட்டிருக்கிறார்கள், கேபிள் விட்டுப்போய்விட்டது, கடைசி நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே, பிள்ளை மானம் போகுதே என்று எனக்குப் பதறியது. எழுந்தேன். "சவுண்டு வரல. கேபிளைப் பாருங்கப்பா, சவுண்டு வரல" என்று சத்தமாகச் சொன்னேன். கூட்டம் மொத்தமும் திரும்பியது. சவுண்டு மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன், "சார், அப்படித்தான் சார், அப்படியே வெச்சிருக்காங்க" என்கிறான். யார் அப்படி வைப்பார்கள்? நானே போய் அவன் கையைத் தள்ளிவிட்டு வால்யூமை ஏற்றினேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டு ஆரம்பித்தது. ஸ்பீக்கர் அலறியது பாருங்க, முன் வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

மேடை ஓரத்தில் தாரணி நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். நடுவர் மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா? ஆரம்பத்து மௌனம் பிரமாதம், யாரோ குறுக்கே பேசாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று. கூட்டம் சிரித்தது. ஒன்றுமே வாசிக்காததற்கு ஷீல்டு. நூறு டோன் தேடிப் பதிந்தவனுக்கு நன்றி என்று ஒரு வரி, ஒரு வரி சார், கடைசியில் ஓடுகிற பேர்களில்கூட இல்லை. 'இசை: சாந்தாமணி' என்று போட்டிருந்தார்கள்.

வெளியே வந்து அவளிடம் கேட்டேன். "என்னுதைப் போட்டிருக்கலாமே கண்ணு. வெறுமனே விடறதுக்கு அதைப் போட்டிருக்கலாமே."

அவள் ஷீல்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். மெதுவாக, ஜிப் சத்தமே வராமல். "இருபத்திரண்டு செகண்டு உங்களால சத்தம் போடாம இருக்க முடியலீங்களாப்பா? நாங்க எத்தன வருசம் இருந்தோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? நீங்களும் பெண்ணைப் பெற்றவர், சொல்லுங்க.

பரவாயில்லை, நீங்க ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒன்று கேட்கணும். உங்களுக்கு இந்த மிஷின் எல்லாம் தெரியுமா? பழைய டேப்பில் ஒரு பாட்டின்மேல் இன்னொன்றைப் பதிந்தால், அடியில் பழையது லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அஞ்சாம் நம்பரில் இருக்கிற என் மெட்டை அழித்துவிட்டால், அடியில் இருந்தது மறுபடி வருமா? ரிப்பேர்காரனிடம் கேட்டேன், சிரித்தான். இதில் அந்த மாதிரி கிடையாதாம். நான் அழிக்கவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தினம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். பதினெட்டாவது செகண்டில் ஒரு நிறுத்தம் விட்டிருந்தேன் என்றேனே, அங்கே மட்டும். ஒன்றும் இல்லை. இரைச்சல்தான். அந்த ஆறேழு கட்டையையாவது பிடித்துவிடலாம் என்று வாசித்துப் பார்த்தேன். முதல் மூன்றும் ஒரே கட்டை, ப. அதற்குப் பிறகு எது என்று தெரியவில்லை. நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. தாரணியிடம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கேட்கலாம் என்று இருப்பேன், அதற்குள் "சரிங்கப்பா" என்றுவிடுகிறாள்.

சரி, நீங்க வந்த வேலையைப் பாருங்க. வாங்குகிற பொருள், வாசித்துப் பார்க்காமல் எடுத்துப்போகக் கூடாது. இதோ ஸ்விட்ச். உட்காருங்க.

ஏன் சார் வால்யூமைக் குறைக்கிறீங்க? நான் ஷிப்ட் முடிந்து வந்தவன் என்றா? பக்கத்து வீட்டிலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூட்டி வைத்து வாசிங்க. நல்லாக் கூட்டி வைங்க.

இங்கே யாரும் தூங்கவில்லை.